கொலை நடந்த வீட்டுக்குள் போகும்போது

தடய அறிவியல் துறையில் வேலை பார்த்தேன் என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "போஸ்ட்மார்ட்டம் நீங்கதான் பண்ணுவீங்களா?" என்பதுதான். பிரேதப் பரிசோதனை மருத்துவர்களின் வேலை, அது ஆஸ்பத்திரியில் நடக்கும். கைரேகை எடுப்பவர்கள் காவல்துறையின் கைரேகைப் பிரிவைச் சேர்ந்தவர்கள். மோப்ப நாயைக் கூட்டி வருகிறவர்களும் போலீஸ்தான். தமிழ்நாட்டில் தடய அறிவியல் துறை உள்துறையின் கீழ் தனியாக இயங்கும் துறை. தலைமை ஆய்வகம் சென்னை மயிலாப்பூரில் இருக்கிறது. மதுரை, கோவை, திருநெல்வேலி போன்ற ஊர்களில் வட்டார ஆய்வகங்கள் உண்டு. அது போக மாவட்டங்களில் நடமாடும் ஆய்வகம் என்று ஒன்று இருக்கும்: ஒரு வேன், சில பெட்டிகள், ஓர் அறிவியல் அலுவலர், ஓர் உதவியாளர். நான் ஆய்வகத்தில் ரத்தக்கறை பார்க்கும் பிரிவில் சேர்ந்து, பிறகு தென்மாவட்டம் ஒன்றில் நடமாடும் ஆய்வகத்தில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றேன். இப்போது இந்தப் படிப்புக்கு நிறையப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்கும், இப்படி ஒன்று தங்கள் வீட்டிலோ தெருவிலோ நடந்துவிட்டால் என்ன செய்வது என்று தெரியாதவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

கொலை நடந்த இடத்துக்கு நாம் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே ஒரு கதை நம்மிடம் வந்து சேர்ந்துவிடும். ராத்திரி போன் வரும். "மேடம், குடும்பத் தகராறு. புருஷன்தான் போட்டிருக்கான், ஆளைப் பிடிச்சாச்சு. நீங்க வந்து ரத்தம் மட்டும் எடுத்துக் கொடுத்துட்டுப் போனாப் போதும்." பேசுகிற எஸ்ஐ பொய் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்திருப்பார், நாலு பேர் ஒரே மாதிரி சொல்லியிருப்பார்கள், அவருக்கும் அன்றைக்கு அது எத்தனையாவது வேலையோ. ஆனால் அந்தக் கதையைக் காதில் வாங்கிக்கொண்டு உள்ளே போனால், அதற்குப் பொருந்துவது மட்டும்தான் கண்ணில் படும். மற்றது அங்கேயே கிடந்தாலும் தெரியாது. எங்கள் வேலையில் ரசாயனமும் கருவியும் அப்புறம்தான். கதையைச் சற்று நேரம் வெளியே நிறுத்திவைக்கப் பழகுவதுதான் முதலில் கற்க வேண்டியது.

நான் போனில் கேட்டுக்கொள்வது கொஞ்சம்தான். இடம் வீட்டுக்குள்ளா, வெட்டவெளியா? மழை பெய்கிறதா? தீ வைத்திருக்கிறார்களா? உடல் அங்கேயே இருக்கிறதா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களா? யார் யார் உள்ளே போய் வந்தார்கள்? அவ்வளவுதான். யார் செய்தது, எதற்குச் செய்தது என்று அவர் தொடங்கினால், "நேர்ல வந்து கேட்டுக்கறேன் சார்" என்று சொல்லிவிடுவேன். ஆரம்பத்தில் சிலருக்கு வருத்தம். பிறகு அவர்களே புரிந்துகொண்டார்கள்.

கதை முந்திக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு 2008 மே மாதம் நொய்டாவில் நடந்ததைத்தான் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் சொல்வேன். பதின்மூன்று வயதுச் சிறுமி தன் படுக்கையறையில் கொல்லப்பட்டுக் கிடந்தாள். வீட்டோடு தங்கி வேலை பார்த்தவரைக் காணவில்லை. அவர்தான் கொன்றுவிட்டு ஓடிவிட்டார் என்று முதல் நாளே எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்தது, திறந்து பார்க்கவில்லை. மறுநாள் கதவை உடைத்துப் பார்த்தபோது அந்த வேலைக்காரரின் உடல் மாடியில் கிடந்தது. அதற்குள் வீட்டுக்குள் உறவினர், பத்திரிகையாளர், தெருக்காரர்கள் என்று யார் யாரோ போய் வந்துவிட்டார்கள். அந்த வழக்கு பிறகு சிறுமியின் பெற்றோர் மேலேயே திரும்பி, பல வருஷம் இழுத்து, 2017-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. யார் கொன்றார்கள் என்பது இன்று வரை உறுதியாகவில்லை. முதல் நாளில் விட்டதை எந்த ஆய்வகமும் பிறகு மீட்டுக்கொடுக்க முடியாது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, குண்டு பூக்கூடையில் இருந்ததா, மாலையில் இருந்ததா என்று ஆளுக்கொரு பேச்சு. அப்போது எங்கள் துறையின் இயக்குநராக இருந்தவர் பி. சந்திரசேகரன். அவர் உடல்களில் இருந்த காயங்களைப் பார்த்தார். ஒரு பெண்ணின் தலையும் கைகால்களும் கிடைத்தன, நடு உடம்பு சிதறிப்போயிருந்தது. குண்டு தூரத்தில் இருந்திருந்தால் அப்படி ஆகாது. கையில் இருந்திருந்தாலும் அப்படி ஆகாது. அவளே அதை உடம்பில் கட்டியிருந்தாள் என்று அந்தச் சிதைவிலிருந்து சொன்னார். கிடைத்த துணித் துண்டுகள், கம்பிகள், பேட்டரித் துண்டுகள், சிறு இரும்புக் குண்டுகள் எல்லாம் அந்த முடிவோடு ஒத்துப்போயின. அங்கேயே செத்துக் கிடந்த புகைப்படக்காரரின் கேமராவில் இருந்த படங்கள் அந்தப் பெண்ணைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்தின. ஆயிரம் பேர் ஆயிரம் சொன்ன இடத்தில் ஒருவர் பொறுமையாகக் குனிந்து தரையைப் பார்த்ததால் கிடைத்த விடை அது. நான் இந்தத் துறைக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, இடத்துக்கு வருவோம். வேனை விட்டு இறங்கியதும் பெட்டியைத் திறக்கக் கூடாது. முதலில் ஒரு பாதையை முடிவு செய்ய வேண்டும். கொலையாளி வந்து போயிருக்க வாய்ப்பில்லாத பக்கமாக, சுவர் ஓரமாக, ஓர் ஆள் நடக்கும் அளவு. அதற்குப் பிறகு இன்ஸ்பெக்டரே வந்தாலும், டிஎஸ்பியே வந்தாலும் அந்தப் பாதையில்தான் வர வேண்டும். இதை மரியாதையாக, ஆனால் கண்டிப்பாகச் சொல்லப் பழக வேண்டும். புதிதாக வருகிற பிள்ளைகள், முக்கியமாகப் பெண்கள், இங்கேதான் தயங்குவார்கள். "சார், நீங்க நிக்கிற இடத்துல ஒரு கறை இருக்கு, கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க" என்று சொன்னால் போதும். தன்னால் தடயம் அழிந்தது என்ற பேச்சு வர எந்த அதிகாரியும் விரும்ப மாட்டார்.

அப்புறம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று. எதையும் தொடாமல் பார்ப்பது மட்டும். எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது, ஃபேன் ஓடுகிறதா, விளக்கு எரிகிறதா, அடுப்பில் என்ன இருக்கிறது, குடத்தில் தண்ணீர் இருக்கிறதா, டிவி ஓடிக்கொண்டிருந்ததா, யாராவது வந்து அணைத்தார்களா. நோட்டில் எழுதும்போது கண்ணால் கண்டதை ஒரு பக்கம், மற்றவர் சொன்னதை எதிர்ப்பக்கம் என்று பிரித்து எழுதுவேன். "தாழ்ப்பாள் உடைந்திருந்தது" என்பது நான் பார்த்தது. "கதவை உடைத்து உள்ளே வந்தார்கள்" என்பது ஒருவர் சொன்னது. தாழ்ப்பாள் போன மாதமே உடைந்திருக்கலாம், திருகு துருவேறியிருந்தால் அதையும் எழுத வேண்டும். நாலைந்து வருஷம் கழித்துக் கோர்ட்டில் நிற்கும்போது நினைவில் எதுவும் இருக்காது, அந்த நோட்டுதான் இருக்கும்.

படம் எடுப்பதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் தெரு, வீட்டின் முகப்பு, பிறகு அறையின் நான்கு மூலைகளிலிருந்தும் ஒவ்வொன்று, பிறகு பொருளும் சுற்றுப்புறமும், கடைசியாக அளவுகோல் வைத்து மிக அருகில். அளவுகோல் இல்லாமல் ஒரு படம், வைத்து ஒரு படம். வெறும் ரத்தக்கறையை மட்டும் பக்கத்தில் எடுத்தால், அது எந்தச் சுவரில் எந்த உயரத்தில் இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு, ஏழு வருஷமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும், அந்த வேலையை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது. மாநிலங்கள் ஏற்பாடு செய்துகொள்ள ஐந்து வருஷ அவகாசமும் கொடுத்திருக்கிறது. நான் வரவேற்கும் மாற்றம் இது. ஆனால் வீடியோ ஓடுகிறது என்பதற்காக நோட்டை விட்டுவிடக் கூடாது. கேமரா திரும்பிய பக்கம்தான் அதில் பதியும். வாசனை பதியாது, ஈரமா காய்ந்ததா என்பதும் சரியாகத் தெரியாது.

ரத்தம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் என் வாழ்க்கையின் பாதி போயிற்று. சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் இல்லை. நம் வீடுகளில் வெற்றிலை எச்சில் சுவரில் தெறித்திருக்கும், குங்குமம் கரைந்து வழிந்திருக்கும், காவிப்பட்டை அடித்த திண்ணை இருக்கும், அரிவாளில் துரு இருக்கும். கோயில் கொடை முடிந்த வாரமாக இருந்தால் வாசலில் கிடா ரத்தமே இருக்கும். அதனால் முதலில் ஒரு முன்னோட்டச் சோதனை. வடிதாள் துண்டால் கறையை லேசாக ஒற்றி, பினாப்தலின் கரைசல் ஒரு சொட்டு, காத்திருந்து பார்த்து, பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு. சில நொடிகளில் பளிச்சென்று இளஞ்சிவப்பு வந்தால் ரத்தமாக இருக்கலாம். பெராக்சைடு விடும் முன்னாலேயே நிறம் வந்தால் அது வேறு ஏதோ ரசாயனம். அரை நிமிஷம் கழித்து மெதுவாக வருகிற நிறத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது, அது காற்றுப் பட்டாலே வரும். இங்கே "இருக்கலாம்" என்ற சொல் முக்கியம். சில காய்கறிச் சாறும் இந்தச் சோதனையில் நிறம் காட்டும். மனித ரத்தம்தானா, கிடா ரத்தமா, யாருடையது என்பதெல்லாம் ஆய்வகத்தில் தீர வேண்டியவை. பழைய காலத்தில் இதற்கு பென்சிடின் வைத்திருந்தோம். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று தெரிந்து கைவிடப்பட்டது. எங்களுக்கு முந்திய தலைமுறை அதை வெறும் கையால் கையாண்டவர்கள். அவர்களை நினைக்கும்போது மனசு கனக்கிறது.

அடுத்தது கறையின் உருவம். நேராகக் கீழே விழுந்த துளி வட்டமாக இருக்கும். சாய்வாக வந்து மோதியது நீள்வட்டமாகி, போகும் திசையில் வால் விடும். அகலத்தை நீளத்தால் வகுத்தால் வந்த கோணத்தைக் கணக்கிடலாம். நீளத்தில் பாதி அகலம் என்றால் முப்பது டிகிரி. இப்படிப் பல துளிகளின் கோணத்தைப் பின்னோக்கி இழுத்தால், ரத்தம் கிளம்பிய இடம் சுமாராகத் தெரியும். ஆள் நின்றாரா, உட்கார்ந்தாரா, ஏற்கெனவே தரையில் கிடந்தாரா என்பது வரை இதில் சொல்ல வழி உண்டு. ஆயுதத்தை ஓங்கும்போது அதிலிருந்து சிதறும் துளிகள் கூரையிலும் விட்டத்திலும் வரிசையாக விழும். அதனால்தான் அண்ணாந்து பார்க்கச் சொல்வேன், புதிதாக வருகிற எல்லாரும் தரையையே பார்ப்பார்கள். இந்தப் பாடம் பெரும்பாலும் வழவழப்பான சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள வீடுகளுக்கு எழுதப்பட்டது. சாணம் மெழுகிய தரையிலும் சொரசொரப்பான சிமெண்டிலும் துளியின் விளிம்பு உடைந்துவிடும். அங்கே கோணம் கணக்கிட்டு அறிக்கை எழுதுவது நேர்மையாகாது. அதே மாதிரித் தரைத் துண்டு ஒன்றில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் நான் பேசுவேன்.

மேலே சொன்ன "புருஷன்தான் போட்டிருக்கான்" என்ற போன் நிஜமாக வந்ததுதான். ஊரும் வருஷமும் வேண்டாம். போனபோது அந்த மனிதர் ஸ்டேஷனில் இருந்தார், சட்டையும் வேட்டியும் ரத்தத்தில் நனைந்து காய்ந்திருந்தன. தெருவே அவர்தான் என்றது. முந்தின நாள் சண்டை போட்டார்கள், எல்லாரும் கேட்டார்கள். அவர் மட்டும், "நான் வரும்போதே விழுந்து கிடந்தா, தூக்கி மடில போட்டுக்கிட்டேன்மா" என்று ஒரே பேச்சாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய உடைகளை வாங்கி, நிழலில் விரித்து, ஒவ்வொரு சாணாகப் பார்த்தேன். மடியிலும் வயிற்றுப் பக்கமும் இடது கையிலும் ஊறிப்போன கறை, துணியோடு துணி ஒட்டி எடுத்த கறை. வலது கைப்பட்டியிலும் தோளிலும் காலரிலும் சிறு தெறிப்பு ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்த அறையின் சுவரில் மூன்று பக்கமும் தெறிப்பு இருந்தது, பலமுறை அடித்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் "அவர் நிரபராதி" என்று எழுதிவிடத் தோன்றும். எழுதக் கூடாது. முதல் அடியில் பொதுவாக ரத்தம் தெறிக்காது, தெறித்தாலும் எப்போதும் அடிப்பவர் மேல் விழும் என்று இல்லை, சட்டையைக் கழற்றிவிட்டும் அடித்திருக்கலாம். நான் எழுதியது இதுதான்: உடையில் உள்ள கறைகள், ரத்தப்போக்குள்ள உடலை மடியில் தாங்கியிருந்தால் ஏற்படக்கூடியவை. சுவரில் காணப்படும் வகைத் தெறிப்பு உடையில் இல்லை. கூடவே கொல்லைப்புறக் கதவின் நிலையில், இடுப்பு உயரத்தில் இருந்த ஒரு மங்கலான கறையையும் எடுத்து அனுப்பியிருந்தேன். அங்கே அவர் போகவே இல்லை என்று எல்லாருமே சொன்னார்கள், யாரும் அந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை. விசாரணை அந்தக் கொல்லைப்புற வழியாகத்தான் வேறு ஆளிடம் போய்ச் சேர்ந்தது. இந்த வேலை செத்தவருக்கு நியாயம் கேட்பது என்று சொல்வார்கள். உண்மைதான். அதே அளவுக்கு, உயிரோடு இருந்து தப்பாக மாட்டிக்கொள்ளப் போகிறவருக்காகவும் செய்கிற வேலை இது.

எடுத்ததைப் பத்திரப்படுத்துவதில் கோட்டை விடுகிற வழக்குகள் ஏராளம். ரத்தம் பட்ட துணியை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால், நம் வெயிலில் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்து நாறிவிடும். டிஎன்ஏ சிதைந்துவிடும். ஆய்வகத்திலிருந்து "ரத்தப் பிரிவு கண்டறிய இயலவில்லை" என்று அறிக்கை வரும்போது எல்லாரும் ஆய்வகத்தைக் குறை சொல்வார்கள். நிழலில் காய வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து, காகித உறையில் போட வேண்டும். இறந்தவர் உடையும் சந்தேகப்படுகிறவர் உடையும் ஒரே மேசையில் விரிக்கக் கூடாது, ஒரே ஜீப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போகவும் கூடாது. ஒரு பொருளுக்கு ஒரு கையுறை.

தீ வைத்த கேஸில் எல்லாம் தலைகீழ். மண்ணெண்ணெய், பெட்ரோல் வாடை உள்ள துணியைக் காகிதத்தில் மடித்தால் ஆய்வகம் போவதற்குள் ஆவியாகிப் போய்விடும். அதைக் காற்றுப் புகாத கண்ணாடி ஜாடியிலோ சுத்தமான தகர டப்பாவிலோ அடைக்க வேண்டும். தூக்கில் தொங்கிய உடலை இறக்கும்போது கயிற்றை முடிச்சில் வெட்டக் கூடாது. முடிச்சை விட்டுத் தள்ளி வெட்டி, வெட்டிய இரு முனைகளையும் நூலால் கட்டி அடையாளம் வைக்க வேண்டும். முடிச்சுப் போட்ட விதம் பல நேரம் எங்களுக்கு நிறையச் சொல்லும். அரிவாளைக் கழுவிவிட்டார்கள், கிணற்றில் போட்டுவிட்டார்கள் என்றால் உடனே கைவிட வேண்டாம். மரப்பிடியும் இரும்பும் சேரும் இடத்தில், பூணுக்கு அடியில் ரத்தம் தங்கியிருக்கும். பிடியைக் கழற்றிப் பார்க்க ஆய்வகத்துக்கு எழுதிக் கேளுங்கள், சம்பவ இடத்தில் நீங்களே கழற்றாதீர்கள்.

ரத்தக்கறை படிந்த மண் எடுக்கும்போது கறை படாத மாதிரி மண்ணும் எடுப்பது நம் ஊர் மகஜர் எழுதுகிற எல்லா ஏட்டையாக்களுக்கும் தெரியும். ஆனால் எதற்கு என்று பலருக்குத் தெரியாது. மண்ணிலேயே ஏதாவது இருந்து சோதனையைக் குழப்புகிறதா என்று ஒப்பிடத்தான் அந்த மாதிரி. ஆகவே அது அதே இடத்துக்கு அருகில் எடுத்ததாக இருக்க வேண்டும், தெருமுனையில் அள்ளியதாக இருக்கக் கூடாது. சாட்சிக்கு நிற்கும் விஏஓவிடமும் இதை விளக்குவேன். என்னத்தில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்தால் கோர்ட்டில் தடுமாற மாட்டார்.

கோர்ட்டைப் பற்றி ஒன்று. அரசு நிபுணரின் அறிக்கையை அவரை நேரில் விசாரிக்காமலே சாட்சியமாக எடுத்துக்கொள்ள சட்டத்தில் இடம் உண்டு, தேவைப்பட்டால் நீதிமன்றம் அழைக்கும். அழைத்தால் பயப்பட ஒன்றும் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கிக் கேட்பது அவர் கடமை. "இந்த ரத்தம் எத்தனை மணிக்குச் சிந்தியது?" என்று கேட்டால், அதைச் சொல்ல முடியாது என்றால் முடியாது என்று சொல்ல வேண்டும். கறை யாருடையது என்று சொல்ல முடிகிற இடத்தில்கூட, அது எப்படி அங்கே வந்தது என்பது தனிக் கேள்வி. அரசுத் தரப்பு வக்கீல் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். நம்மிடம் இருக்கிற ஒரே மதிப்பு, பொருள் சொல்லாததை நாம் சொல்ல மாட்டோம் என்பதுதான்.

உடம்பையும் மனசையும் பார்த்துக்கொள்வது பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாமல் இந்த வேலைக்குக் கிளம்பாதீர்கள். முகக்கவசம், இரட்டைக் கையுறை, செருப்புக்கு மேல் போடும் உறை எல்லாம் கேட்டு வாங்குங்கள். அழுகிய உடல் இருக்கும் அறையில் மூக்கில் தைலம் தடவிக்கொள்ளச் சொல்வார்கள். வேண்டாம். சில நிமிஷத்தில் மூக்கு தானாகப் பழகிவிடும், தைலம் வைத்தால் மண்ணெண்ணெய், பூச்சிமருந்து வாடை தெரியாமல் போய்விடும். சட்டையைத் தனிப் பையில் போட்டு, குளித்துவிட்டுத்தான் நான் வீட்டுக்குள் போவேன். பிள்ளைகள் செத்த கேஸ்களுக்குப் பிறகு என்னால் சில நாள் சரியாகச் சாப்பிட முடிந்ததில்லை. அது பழகிவிடும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள், எனக்குப் பழகவில்லை. கூட வேலை பார்க்கும் ஒருவரிடமாவது வாய்விட்டுப் பேசுங்கள். வீட்டில் பேச வேண்டாம், அவர்கள் அந்தக் காட்சியைச் சுமக்கத் தேவையில்லை. தூக்கம் தொடர்ந்து கெட்டால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் எந்த வெட்கமும் இல்லை.

இனி வீட்டுக்காரர்களுக்கு. இப்படி ஒன்று நடந்துவிட்டால் முதல் வேலை, உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது. மூச்சு இருந்தால் தடயம் கிடயம் எதுவும் யோசிக்காமல் தூக்குங்கள், 108-க்கு அடியுங்கள். உயிர் இல்லை என்று தெரிந்துவிட்டால், எல்லாரும் வந்த வழியே வெளியே வந்துவிடுங்கள். கதவை மூடுங்கள், தாழ்ப்பாளையும் கைப்பிடியையும் பலபேர் பிடிக்காமல் ஒருவரே மூடட்டும். அந்த வீட்டுக் குழாயில் கை கழுவாதீர்கள், கழிவறையைப் பயன்படுத்தாதீர்கள். கொன்றவர் அங்கே கை கழுவியிருக்கலாம். உடலை மூட வேண்டும் என்று மனசு துடிக்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் வீட்டிலுள்ள போர்வையை எடுத்துப் போர்த்தினால் அதிலுள்ள முடியும் நூலும் உடலில் ஒட்டிக்கொள்ளும். வாசலில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டுங்கள், மரியாதை காக்க அது போதும். போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களைத் தடுங்கள். நீங்கள் எதையாவது தொட்டிருந்தால், நகர்த்தியிருந்தால் அதை அப்படியே எங்களிடம் சொல்லுங்கள், அதற்காக யாரும் உங்களைக் குற்றவாளி ஆக்கப் போவதில்லை. சொல்லாமல் மறைத்தால்தான் குழப்பம். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் குளிக்காமல், உடையைத் துவைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லது. குளித்துவிட்டிருந்தாலும் பரவாயில்லை, போங்கள்.

கடைசியாக, யாரும் பேசாத ஒரு விஷயம். நாங்கள் வேலையை முடித்துவிட்டுக் கிளம்புகிறோம். உடல் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. அந்த அறையை யார் கழுவுவது? பெரும்பாலும் செத்தவரின் அம்மாவோ அக்காவோதான். அன்று காலை வரை உயிரோடு இருந்தவரின் ரத்தத்தை அவர்களே விளக்குமாற்றால் தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் வேனில் இரண்டு ஜோடி கையுறையும் பிளீச்சிங் பவுடரும் கூடுதலாக வைத்துக்கொள்வேன். போலீஸிடம் இடத்தை விடுவித்தாயிற்றா என்று கேட்டுக்கொண்ட பிறகு கழுவுங்கள். சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், கறை இறுகிவிடும். பச்சைத் தண்ணீர்தான். முதலில் பழைய துணியால் ஒற்றி எடுத்து, பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதோடு வேறு ஆசிட், பினாயில் எதையும் கலக்கக் கூடாது. மெத்தையும் தலையணையும் மீளாது, போலீஸ் எடுத்துக்கொள்ளவில்லை என்றால் ஊராட்சியில் சொல்லி அப்புறப்படுத்துங்கள். முடிந்தால் அந்த வேலையை ரத்த உறவு இல்லாத இரண்டு பேர் செய்யட்டும். உள்ளாட்சி அமைப்புகளே இதற்குப் பயிற்சி பெற்ற ஆட்களை அனுப்ப வேண்டும் என்று வேலையில் இருந்தபோதே எழுதிக் கேட்டேன். இப்போதும் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊராட்சித் தலைவரிடமோ வார்டு உறுப்பினரிடமோ நீங்களும் இதைக் கேளுங்கள்.